நொடிக்கு ஏழு படம்

சக்கரபாணிக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை. குஜராத்தில் டைல்ஸ் கம்பெனியில் மண் சுமக்கிற வேலை. பொங்கலுக்குப் பத்து நாள் லீவு வேண்டுமானால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக் கொடுக்கவேண்டும். அவனோ, திண்டிவனத்திலிருந்த பெண்டாட்டி தேவயானிக்கு இப்படி மெசேஜ் போட்டான்: ‘வீடியோ பாத்தன். ரொம்ப கோவமா கீற. வர்ல.’

அவள் எங்கே கோபப்பட்டாள்? பொங்கலுக்கு வாய்யா என்று வீடியோவில் கை ஜாடையால் கெஞ்சித்தான் இருந்தாள். கோவம் இல்லை என்று மெசேஜ் போட்டாள். பதில் வந்தது: ‘எழுத்து பொய் சொல்லும். கை சொல்லாது.’

அவள் போனில் கேமரா செத்துப்போயிருந்தது. வீடியோ எடுக்க இருந்தது விழுப்புரம் காலேஜில் படித்தபோது கிடைத்த லேப்டாப், அதில் செருகிய மலிவு வெப்கேம். இரண்டு கையும் பேசப் போய்விடுவதால் பட்டன் அமுக்கக் கை மிஞ்சாது. அதற்காகவே, பதிவு தானே தொடங்கித் தானே நிற்கிற மாதிரி பைத்தான் கம்ப்யூட்டர் மொழியில் ஒரு புரோகிராம் எழுதியிருந்தாள். பதிவானதைப் போட்டுப் பார்த்ததே இல்லை. தன் மூஞ்சியைத் தானே பார்க்கக் கூச்சம்.

“போடுடி, நான் பாக்கறேன்” என்றாள் பொன்னி, மல்லாட்டைக் கடலையை உரித்தபடியே. சக்கரபாணியின் அக்கா, தம்பியோடு கையால் பேசியே வளர்ந்தவள்.

வீடியோ ஓடியது.

“அடியே! இன்னாடி இப்டி கைய வீசற? கொழாயடி சண்டையாட்டம் கீது. எவன் வருவான்?”

“மெதுவாதான் அண்ணி காட்டனேன்!”

அரை நிமிஷப் பேச்சு ஏழு நொடியில் முடிந்திருந்தது. தேவயானி எண்ணிப் பார்த்தாள். வீடியோ நொடிக்கு முப்பது படமாக ஓடவேண்டும் என்று புரோகிராமில் எழுதியிருந்தாள். கேமரா எடுத்துக் கொடுத்ததோ நொடிக்கு ஏழே படம். ஏழை முப்பதாக ஓட்டினால் கெஞ்சலும் ஏச்சாகத்தான் தெரியும்.

முப்பதை ஏழாக்கினாள். வேகம் அடங்கியது. ஆனால் கை ஓரிடத்தில் மறைந்து வேறிடத்தில் முளைத்தது. ‘வா’ ஜாடையில் பாதியைக் காணோம்.

மூஞ்சி அவனுக்குப் பளிச்சென்று தெரியட்டும் என்று படத்தை இருப்பதிலேயே பெரிசாக வைத்திருந்தாள். அதைத் தூக்க மாட்டாமல்தான் கேமரா நொண்டியது. சின்னதாக்கினாள்: நொடிக்குப் பதினைந்து படம் வந்தது. வீட்டு இருட்டில் ஒவ்வொரு படத்துக்கும் கேமரா வெளிச்சத்துக்குக் காத்துக் கிடக்கிறது என்று பிடிபட்டதும், முருங்கை மரத்தைத் தாண்டி வெயிலில் போய் உட்கார்ந்தாள். இருபத்தெட்டு. புரோகிராமிலும் அதையே எழுதினாள். கை அறுபடாமல் ஓடியது.

“மூஞ்சிதான் கேப்பக்களி கிண்டன மாரி கீது” என்றாள் பொன்னி.

“இருக்கட்டும் அண்ணி. அவரு கையதான பாக்கணும்.”

வெள்ளிக்கிழமை காலையில் அனுப்பினாள். மத்தியானம் பதில் வந்தது: ‘கை புரியிது. மூஞ்சி தெரியல.’

‘டிக்கெட் போட்டா தெரியும்’ என்று அடித்துவிட்டு, சோறு தின்னாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு மணிக்கு வந்தது: ‘லீவு எழுதிக் குடுத்துட்டன். பத்து நாளு.’

பத்து நாள். போக வர ரயிலுக்கே நாலு நாள் போய்விடும். மிச்சம் ஆறு.