எழுத்து தெரியாத பக்கம்

மிராசுதார் இராஜாங்கத்தைப் பழிவாங்க நான் நாகப்பட்டினம் போகவில்லை. ஆனால் பழிவாங்கும் ஆசை, தோளில் தொங்கும் கேமராவைப் போல, எங்கே போனாலும் என்னோடு வரும்.

குத்தாலம் ஜவுளிக்கடை அஹமது கபீர் பாய்க்குக் காலண்டர் அடிக்கத் துறைமுகப் படங்கள் வேண்டியிருந்தன. அதற்கு முன் நான் நாகப்பட்டினத்தைப் பார்த்ததில்லை. ஒல்லாந்தர் காலத்துச் சுவர்கள், உப்பரித்த சரக்குக் கிட்டங்கிகள், பினாங்குக் கப்பலுக்குக் காத்திருக்கும் பெட்டி படுக்கைகள் என்று கண்டதையெல்லாம் எடுத்துக்கொண்டே போனேன். கடைசிக் கிட்டங்கியின் வாசலில் ஒரு மணி தொங்கியது. மூட்டைக்காரர்களைக் கூப்பிட அடிக்கிற மணி. அதன் விளிம்பில் ஒரு சில் பெயர்ந்திருந்தது.

சின்ன வயதில் அந்தச் சில் பெயர்ந்த இடத்துக்குள் விரல் விட்டு விளையாடியவன் நான். திருப்பிப் பார்த்தேன். 'தெற்குத் தெரு கூலியாட்கள் உபயம்' என்று வெட்டியிருந்தது.

எங்கள் மாரியம்மன் கோயில் மணி அது. என் அப்பா கோவிந்தராசு அறுவடைக் கூலிக்காகத் தெருவைத் திரட்டி வேலைநிறுத்தம் செய்த வருஷம் காணாமல் போனது. கோயில் சாவி அப்பாவிடம் இருந்தது. மணியை விற்றுத் தின்றுவிட்டான் என்று மிராசுதார் இராஜாங்கம் கிளப்பிவிட்டார். எங்கள் தெருவே நம்பியது. அப்பாவை முதலில் கைநீட்டி அடித்தவர் அவருடைய தோழர் மருதையன். வேலைநிறுத்தம் உடைந்தது. ஊரைவிட்டுப் போன அப்பா திருக்காட்டுப்பள்ளியில் திருடன் என்ற பேரோடு செத்தார். அம்மா இன்றுவரை அந்தத் தெருவை மிதிக்கவில்லை.

கிட்டங்கி முதலாளி நெய்னா முகம்மதுவிடம் மணியைப் பற்றிக் கேட்டேன்.

"குத்தாலம் பக்கத்து மிராசு இராஜாங்கம் வண்டியில போட்டுக் கொண்டாந்தாரு தம்பி. நெல்லும் எங்ககிட்டதான் போடுவாரு. கோயில் மணியான்னு வாப்பா கேட்டதுக்கு, 'எங்க கோயில்துதான், புதுசு வாங்கியாச்சு'ன்னாராம்."

பல்லைக் கடித்துக்கொண்டு மணியைப் படமெடுத்தேன். சில் பெயர்ந்த விளிம்பு தெரிய, எழுத்து தெரியாத பக்கத்தை மட்டும்தான் எடுத்தேன். எழுத்தைக் காட்டினால், 'கோவிந்தராசு அங்கேதான் வித்திருக்கான்' என்று இராஜாங்கம் வாய் கூசாமல் சொல்லிவிடுவார். அவர் வாயே அவரைக் காட்டிக்கொடுக்க வேண்டும்.

இராஜாங்கம் இப்போது கரைவேட்டிக்காரர். உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து நிலத்தையெல்லாம் மச்சான் மாமன் பேருக்கு எழுதிவிட்டு, கூட்டுறவுச் சங்கத் தேர்தலில் நிற்கிறார். குத்தாலம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் என் ஸ்டூடியோவின் கண்ணாடிப் பெட்டியில் தன் படம் இருக்க வேண்டும் என்று அவரேதான் கேட்டு வைக்கச் செய்திருந்தார். நான் யார் மகன் என்று அவருக்குத் தெரியாது. மணிப் படத்தை அதே அளவுக்குப் பெரிதாக்கி, பக்கத்தில் மாட்டினேன். கீழே ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

சந்தை நாளன்று வந்தார். தெற்குத் தெரு ஆட்கள் பஸ்ஸுக்கு நின்றிருந்தார்கள். படத்தைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறியது.

"எடுடா அதை! தெக்குத் தெரு மணிய என் படத்துக்குப் பக்கத்துல மாட்டுவியா?"

"நாகப்பட்டினத்துல எடுத்த படமுங்க. தெக்குத் தெரு மணின்னு யாருங்க சொன்னா?" என்றேன் சத்தமாக.

கூட்டத்திலிருந்து மருதையன் முன்னால் வந்தார், கிழவராகி.

"ஐயா, எங்க தெருவுல கால் வச்சா தீட்டுன்னு எல்லையிலேயே நிப்பீங்களே. எங்க மணிய எப்பங்க பாத்தீங்க?"

பஸ் வந்தது, ஒருவரும் ஏறவில்லை. இராஜாங்கம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே நடந்தார். பத்து ஊருக்கும் செய்தி அவருக்கு முன்னால் போய்விடும். எனக்கு வயிறு குளிர்ந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

மருதையன் திரும்பி என்னையே பார்த்தார். "நீ கோவிந்தராசு மவனா?" கண் கலங்கி என் கையைப் பிடிக்க வந்தார். அப்பாவை அடித்த கை அது. நான் நீட்டவில்லை.

"அம்மாவ தெருவுக்குக் கூட்டிட்டு வா தம்பி."

"நான் கூட்டிட்டு வரமாட்டேன். தெருவே திரண்டு வந்து அவங்கள கூப்பிடுங்க. முதல் ஆளா நீங்க வாங்க" என்றேன்.