இரு பாதங்களிலும் நாடி

1

அறைக்குள் இருந்தவள் என் மருமகள் கங்கா. அவளுடைய கணினித் திரையில் இருந்தவர்கள் இருவர்: சென்னையிலிருந்து அவள் வேலையைத் தணிக்கை செய்யும் சுகப்பிரியா, இருங்காட்டுக்கோட்டை வாடகை அறையிலிருந்து அவளுடைய டீம் லீடர் மணிகண்டபிரபு. மூடிய கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு நான். முதல் ஷிப்ட் முடித்து வந்து சாப்பாட்டுத் தட்டோடு என் மகன் சக்திகுமார். உறை மோர் கேட்டு வந்து, அது கைக்கு வந்த பிறகும் போகாமல் நின்ற எதிர்வீட்டுச் சந்திரம்மாள்.

அன்று வடக்குப்பட்டில் எங்கள் வீட்டில் நடந்ததற்குச் சாட்சி இவ்வளவு பேர்தான். இந்தக் கதை பிறந்ததற்குக் காரணம் சந்திரம்மாள். திருமலை வீட்டைப் பற்றி ஊர் ஒரு கதை சொல்லும்போது திருமலையாகிய நானும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியுமா?

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

“ஒரகடத்துத் தொழிற்சாலைக் கூரைகளின்மேல் கருமேகங்கள் கவிந்திருந்த அந்த மாலையில், கங்காவின் நெஞ்சிலும்—”

கங்கா படித்துவிட்டுச் சிரித்தாள். “இன்னா மாமா, அன்னிக்கு வெயிலு மண்டையைப் பொளந்துச்சே. மேகத்துக்கு இன்னா ஆதாரம்?”

“கதைம்மா இது.”

“எதுவா வேணா இருக்கட்டும். எங்க வேலையைப் பத்தி எழுதுறீங்க இல்ல? டாக்டர் தாள்ல இல்லாததை நாங்க கணக்குல எடுக்க மாட்டோம்.” பேனாவை வாங்கி அடித்தும்விட்டாள்.

(அடித்த வாக்கியத்தை வேண்டுமென்றே விட்டுவைத்திருக்கிறேன். இந்த வீட்டில் மருமகள் பேச்சுக்கு மதிப்பு உண்டு என்று வாசகர் அறியட்டும்.)

3

ஊரில் பாதிப் பேர் அவளை நர்ஸ் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை. அமெரிக்காவில் வயதானவர்களுக்குக் காப்பீடு தரும் கம்பெனிகளுக்கு, ஆளின் நோயைப் பொறுத்து அரசாங்கம் பணம் கொடுக்கிறது. நோய் கனமானால் பணமும் கனம். டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து ஒவ்வொரு நோய்க்கும் உரிய குறியீட்டைப் போடுவது கங்காவின் வேலை. அவர் எழுதாததைப் போட்டால் மோசடி. எழுதியதை விட்டால் பிழை.*

* எனக்கு மிகவும் பிடித்த விதி இது: ஜனவரி பிறந்தால் எல்லாம் புதிது. முன்பே வெட்டி எடுத்த கால் என்றாலும், இந்த வருடமும் டாக்டர் பார்த்து ‘இல்லை’ என்று எழுத வேண்டும். எழுதும்வரை கணக்கில் அந்தக் கால் முளைத்தே இருக்கும். இது என் கற்பனை அல்ல. என் கற்பனையாக இருந்திருந்தால் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நடந்திருப்பேன்.

4

இனி அறைக்குள் போக வேண்டும். நான் உள்ளே இல்லை. நோயாளியின் தாள் வெளியார் கண்ணில் படக்கூடாது என்பதால்தான் கதவருகே காவல் உட்கார்ந்தேன். கீழே வருவதில் பாதி கங்கா சொன்னது, மிச்சம் கதவைத் தாண்டி வந்தது.

அந்த மாதம் அவள்மேல் ஏற்கெனவே பிழைகள் இருந்தன. இன்னும் ஒன்று விழுந்தால் ப்ராஜெக்டிலிருந்து இறக்கிவிடுவார்கள். அப்படி இறக்கியவர்களைத் திரும்ப யாரும் கூப்பிடுவதில்லை.

“இடது கால் எடுத்த பேஷண்ட், கங்கா. நோய்ப் பட்டியல்லயே இருக்கு. நீங்க விட்டுட்டீங்க,” என்றார் சுகப்பிரியா.

“அந்தப் பட்டியல் போன வருஷத்துலருந்து அப்டியே வருது மேடம். இந்த வருஷம் பாத்தப்போ டாக்டர் அதைப் பத்தி ஒண்ணுமே எழுதலை.”

“போன கால் போனதுதானே? திரும்பியா வரும்?”

மணிகண்டபிரபு தலையைச் சொறிந்தான். “எக்கா, மேடம் சொல்லுததும் நியாயமாத்தான் இருக்கு. ஒத்துக்கிடுங்க. அடுத்த மாசம் சரி பண்ணிக்கிடலாம்.”

அடுத்த மாதம் தனக்கு இருக்காது என்று கங்காவுக்குத் தெரியும்.

வெளியே நான் எழுந்துவிட்டேன். “எங்க வூட்டுப் பொண்ணு தப்பு பண்ணாதும்மா!”

“குந்துப்பா!” என்றான் சக்திகுமார், வாய் நிறையச் சோற்றோடு.

“யாருங்க அது?”

“எங்க மாமா, மேடம். கதவுக்கு அந்தாண்ட.”

“ஸ்கிரீன் தெரியுதா அவருக்கு?”

“தெரியாது மேடம். அவர் சவுண்டுதான் இங்க வரும்.”

மணிகண்டபிரபு சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பில் கங்காவுக்கு ஒரு மூச்சு கிடைத்தது. திரையில், தாளின் பரிசோதனைப் பகுதிக்கு இறங்கினாள். எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி இருக்கும் என்று யாரும் நிறுத்திப் படிக்காத பகுதி. படித்தாள். மறுபடியும் படித்தாள்.

“மேடம்! பரிசோதனையைப் பாருங்க. கடைசி வரி.”

சுகப்பிரியா வாய்விட்டுப் படித்தார்: “இரு பாதங்களிலும் நாடித்துடிப்பு நன்றாக உள்ளது.”

“இடது பாதமே இல்லாதவருக்கு நாடியை எங்க மேடம் புடிச்சாரு?”

“அடேயப்பா! போன வருசத் தாளை அப்படியே காப்பி அடிச்சு ஒட்டிருக்காருலா!” என்றான் மணிகண்டபிரபு.

“அதுவும் நமக்குத் தெரியாது பிரபு. காலு இருக்கா, இல்லையான்னு இந்தத் தாள் சொல்லலை. டாக்டரைத்தான் கேக்கணும். அதுவரைக்கும் நான் போட மாட்டேன்,” என்றாள் கங்கா.

சுகப்பிரியா அந்தக் கடைசி வரிக்குத் திரும்பிப் போனார். பிறகு, “நானும் அந்த வரியைப் படிக்கலைப்பா. பிழையை எடுத்துடறேன்,” என்றார்.

வெளியே நான் குதித்தேன். (“எழுந்து நின்றார்” என்று கங்கா திருத்தினாள். கதவுக்கு உள்ளே இருந்தவளுக்கு என்ன தெரியும்? சக்திகுமார் சாட்சி சொன்னான்: “குதிச்சாரு, நான் பாத்தேன்.” ஆகவே நிற்கிறது.)

5

முடிவுகள்.

டாக்டர் தன் தவறை உணர்ந்து கண்கலங்கி— (அடிக்கப்பட்டது.)

அந்த அமெரிக்கப் பெரியவர் இரண்டு காலாலும் நடந்து வடக்குப்பட்டுக்கே வந்து, “எங்கே என் மகள் கங்கா?” என்று— (“அவருக்கு விசா கீதா மாமா?” அடிக்கப்பட்டது.)

டாக்டருக்குக் கேள்வி போயிருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை. (இதை மட்டும் அவள் அடிக்கவில்லை.)

அந்தக் கால் உண்டா, இல்லையா? எனக்கு ஓர் ஆசை இருக்கிறது. ஆசைக்கு ஆதாரம் இல்லை. வாசகரே, உங்களிடம் இருந்தால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

6

சந்திரம்மாளின் உறை மோர் பென்னலூர்வரை புளித்துப் போயிருக்கிறது. அங்கே பேச்சு இப்படி: “காலு இல்லாதவனுக்குக் காலு கீதுன்னு பொய் எழுதி மாட்டிக்கினாளாம் திருமலை மருமவ. வேலை போயிட்ச்சாம்.”

கங்கா, கால் இருக்கிறது என்று எழுதவில்லை. இல்லை என்றும் எழுதவில்லை. வேலையில் இருக்கிறாள்.