ஈக்வலைசரும் இரண்டு நாற்காலிகளும்

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தமையால் தெருவார் அவரைக் கண்ணாடிக்காரர் என்றே அழைத்தனர். மற்ற எதிலும் விட்டுக்கொடுக்கக் கூடியவர், பாட்டு விஷயத்தில் மட்டும் பிடித்த பிடியை விடமாட்டார். பதிவு செய்தவன் எதை எவ்வளவு வைத்தானோ அதை அவ்வளவாகவே கேட்க வேண்டும். அதில் கைவைப்பது, பிறர் எழுதிய கடிதத்தை நாம் அடித்துத் திருத்துவதற்கு ஒப்பாகும் என்பது அவர் கட்சி. அவருடைய ஆம்ப்ளிஃபயரில் ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு குமிழ் உண்டு, வேறொன்றும் கிடையாது.

கடையடைத்து வந்ததும் அவரும் மனைவியும் கூடத்து நாற்காலிகளில் அமர்ந்து பாட்டுக் கேட்பார்கள். இருவரே வாழ்ந்த வீட்டில் அந்த நேரந்தான் குடும்பம். பகலில் மூண்ட சண்டைகூட அங்கே வந்தால் வாயடைத்துப் போகும்.

ஓர் ஆண்டு மனைவிக்கு வந்த கடுங்காய்ச்சல், உயிரைத் தொடாமல் காதைப் பறித்துக்கொண்டு போயிற்று. பேச்சு ஓரளவு கேட்டது. கூரிய, மெல்லிய ஒலிகள் மறைந்தன. பாடகியின் மூச்சும், வயலின் வில் தந்தியை உரசுவதும், அவளுக்கு மிகவும் பிடித்த ஓர் இசைத்தட்டின் இடையே ஒலிக்கும் சிறு மணியும் போயின. காது நரம்பு பட்டுப்போயிற்று என்றும், காதுக்கருவி பேச்சுக்கு உதவுமேயன்றி இசைக்கு உதவாது என்றும் சொல்லிக் காது மருத்துவர் கைவிரித்தார். அவள் நாற்காலிக்கு வருவது குறைந்தது. அடுக்களையில் வேலை இருப்பதாகச் சொல்வாள். அங்கே ஒரு வேலையும் இராது.

அவளுடைய தம்பி, பழைய ஈக்வலைசர் பெட்டி ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தான். அதில் வரிசையாகத் தள்ளுகுமிழ்கள்; வலக்கோடியில் உள்ளவற்றை மேலே தள்ளினால் கூரிய ஒலிகள் ஓங்கும். கண்ணாடிக்காரர் முகத்தைச் சுளித்தார். சமைத்தவன் மனம் நோகுமென்று உப்பில்லாமலே சாப்பிடுகிற ஆள் இந்த அத்தான் என்று தம்பி கேலி செய்தது பலிக்கவில்லை. மனைவி சொன்னது பலித்தது.

“ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டி விடுறீங்க. என் காதுக்கு ஒண்ணு மாட்டினா மட்டும் தப்பாயிடுமா?”

அன்றே இணைத்தார்.

கடைப் பழக்கம் வீட்டுக்கும் வந்தது. இது தெளிவா, முந்தையது தெளிவா என்று, கண்ணாடி வில்லையை மாற்றி மாற்றிக் கேட்பதுபோலவே, குமிழைச் சற்றே தள்ளுவதும் அவள் முகத்தைப் பார்ப்பதுமாக மாலைகள் கழிந்தன. அவள் உதட்டைப் பிதுக்குவாள். அவர் இன்னும் தள்ளுவார். ஒரு நாள், மணி கேட்கிறது என்றாள். மறுநாள் கடையில் அவர் சீட்டியடித்தபடி கண்ணாடிச் சட்டங்களைத் துடைத்தார்.

ஆனால் அந்த ஒலி அவர் காதுக்குத் தகரத்தில் ஆணி கீறுவதாக இருந்தது. சொல்ல மனமில்லை. இரு காதுகளிலும் பஞ்சை அடைத்து, தலைமயிரை வாரி அதை மறைத்துக்கொண்டார். பாட்டு அடுத்த வீட்டு முணுமுணுப்பாகக் கேட்டது. அவள் விரல் நாற்காலிக் கையில் தாளமிடுவதைப் பார்ப்பதே போதுமென்றிருந்தார்.

ஒரு மாலை, காது அரித்தது. அவள் கண்மூடியிருந்த சமயம் பார்த்துப் பஞ்சை எடுத்தார். குத்தப்போகும் ஒலிக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டார். அது குத்தவில்லை. பழையபடி மெல்லென, சீராக வந்தது. எட்டிப் பார்த்தார். குமிழ்கள் உச்சியில் இருந்தன. பெட்டியை இயக்கும் பொத்தான் மட்டும் அணைந்து கிடந்தது; அது அணைந்தால் பாட்டு மாறாமல் அப்படியே கடந்து வரும். தூசு துடைத்தபோது கை பட்டிருக்க வேண்டும். எத்தனை நாளாக அப்படியோ! அதற்குள் மணியும் ஒலித்து ஓய்ந்தது.

மணி கேட்டதா என்று வினவினார். நேற்றைவிட இன்று தெளிவு என்றாள்.

“பொத்தான் அணைஞ்சே கிடக்குதே” என்றார்.

அவள் கண்ணைத் திறந்தாள். முதலில் கண்ணில் பட்டது பொத்தான் அன்று.

“அது என்னங்க கையில?”

“பஞ்சு.”

“காதுலயா வச்சிருந்தீங்க?”

அவர் தலைகுனிந்தார்.

“அப்போ இந்த வீட்ல பாட்டு யாருக்குத்தான் கேட்டுச்சு?”

சிரித்தாள். அவர் சிரிக்காததைக் கண்டு, பாதியில் நிறுத்தினாள்.

“ஒரு நாள்கூட மணி கேக்கலைங்க. நீங்க ஒவ்வொண்ணா தள்ளிட்டு என் மூஞ்சியையே பாத்துட்டு இருந்தீங்க. இல்லை, இல்லைன்னு எத்தனை தடவை சொல்றது?”

பார்வை நரம்பு செத்த கண்ணுடன் கடைக்கு வருவோரை அவர் அறிவார். எந்த வில்லையும் உதவாது என்பதை, நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, அவர்களிடம் பக்குவமாகச் சொல்லியும் இருக்கிறார். வீட்டில் அதைத் தமக்குச் சொல்லிக்கொள்ள அவருக்கு வாய் வரவில்லை. அவளைப் பொய் சொல்ல வைத்துவிட்டார்.

பெட்டியைக் கழற்றித் துணியில் சுற்றினார். முள்ளை எடுத்துத் தட்டின் தொடக்கத்தில் வைத்தார். அவள் அடுக்களைக்குப் போகவில்லை.

“மணி வரும்போது சொல்லுங்க” என்றாள். “எங்க வரும்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் நீங்க சொல்லுங்க.”

மணி ஒலித்தபோது அவர் விரலை உயர்த்தினார். அவள் விரலைப் பார்த்துத் தலையசைத்தாள்.

அதன்பின் ஒவ்வொரு மாலையும் அவ்வாறே நடந்தது. மணியைத் தவறவிட்டுவிடுவோமோ என்னும் அச்சத்தில், அவர் முதல் ஒலியிலிருந்தே அதற்காகக் காத்திருக்கத் தொடங்கினார். வில்லும் குரலும் அவரைக் கடந்து சென்றன. எதுவும் உள்ளே தங்கவில்லை. ஒரு நாள் விரல் உயர்ந்தது. மணி ஒலித்துத்தான் உயர்ந்ததோ, பழக்கத்தால் தானே உயர்ந்ததோ, அவருக்கே தெரியவில்லை. அவள் அதற்குள் தலையசைத்துவிட்டாள்.