நாற்பத்தொரு முழக்கங்கள்

எம்.பி. அய்யம்பெருமாள் மூன்று வருடங்களில் நாடாளுமன்றத்தில் பேசியது ஒரே ஒரு வார்த்தை. "சார்" என்று சொல்லி எழுந்து நின்றார். அதற்குள் எதிர்வரிசையில் வேறு எதற்கோ கூச்சல் கிளம்பி, சபை மறுநாளைக்கு ஒத்திவைக்கப்பட்டது. அந்த அதிர்ச்சியிலிருந்து அவர் மீளவே இல்லை. அதன் பிறகு டெல்லி போனால் கையெழுத்துப் போட்டுவிட்டு, கேன்டீனில் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு, ஊர் திரும்பினார்.

இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டில் ஒரு பத்திரிகை எல்லா எம்.பி.க்களின் கணக்கையும் கட்டம் போட்டு வெளியிட்டது. அய்யம்பெருமாள் பெயருக்கு நேராகக் கேள்விகள் பூஜ்யம், விவாதங்கள் பூஜ்யம். அச்சுக்கூடத்தில் கொஞ்சம் தாராளமாக மை விட்டிருந்ததால் அந்தப் பூஜ்யங்கள் இரண்டும் நல்ல கறுப்பாக, பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடைவரை தெரிந்தன.

எம்.பி. தன் உதவியாளர் பழனிவேலைக் கூப்பிட்டார்.

"என்னய்யா இது, முட்ட முட்டயா போட்டிருக்கான்? பேசாதவன்லாம் மனுசனில்லயா?"

பழனிவேல் அதற்குமுன் அரியலூரில் ஒரு டுடோரியலில் பத்தாம் வகுப்பில் தவறியவர்களுக்கு இங்கிலீஷ் எடுத்துக்கொண்டிருந்தவன். தன் இங்கிலீஷுக்கு அந்த டுடோரியல் ரொம்பச் சின்ன இடம் என்பது அவனுடைய அந்தரங்கமான எண்ணம். அவன் ஒரு வழி சொன்னான்.

"பேச வேணாங்கய்யா. முக்கியப் பிரச்சினைய ஒரு பக்கம் எழுதிக் குடுத்தா சபையில வச்சிடுவாங்க. பேசினதாவே பதிவாயிடும். மந்திரிகூட எழுத்துல பதில் அனுப்பணும்."

"பேசாமயே பேசினதா ஆயிடுமா?"

"ஆயிடுங்கய்யா."

எம்.பி.யின் முகம் மலர்ந்தது. ஜனநாயகத்தின் மேல் அவருக்கு அன்றுதான் உண்மையான நம்பிக்கை பிறந்தது.

பழனிவேல் எழுதத் தொடங்கினான். தேசப் பிரச்சினையில் ஒன்று, உள்ளூர்ப் பிரச்சினையில் ஒன்று என்று மாற்றி மாற்றி எழுதினான். உலக வர்த்தக ஒப்பந்தம், பெரம்பலூருக்கு ரயில். மக்கள்தொகைப் பெருக்கம், சின்ன வெங்காய விலை. எல்லைப் பாதுகாப்பு, அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பும் புழுதி. எல்லைப் பாதுகாப்பில் அவன் பயன்படுத்திய ஒரு இங்கிலீஷ் வார்த்தையை டுடோரியல் பிரின்சிபாலே அகராதியில் தேடினார் என்று கேள்விப்பட்டபோது, பழனிவேல் இரண்டு நாள் தரையில் நடக்கவில்லை.

எம்.பி. கையெழுத்துப் போடுவார். காகிதம் சபையில் வைக்கப்படும். அடுத்த வாரம் பெரம்பலூரிலிருந்து ஜெயங்கொண்டம் வரை சுவரெல்லாம் போஸ்டர்: 'நாடாளுமன்றத்தில் முழங்கினார்!' போஸ்டரில் அய்யம்பெருமாள் ஒரு கையை உயர்த்தி வாயைத் திறந்திருப்பார். அது உண்மையில் ஒரு கல்யாணத்தில் சாம்பார் கேட்டபோது எடுத்த படம். சுவரொட்டியில் அவருக்குப் பழைய அனுபவம் உண்டு. அரியலூரைத் தனி மாவட்டமாகப் பிரித்தபோது 'நன்றி' என்று ஒட்டினார். அடுத்த வருடமே அதைத் திரும்பப் பெரம்பலூரோடு சேர்த்தபோதும் 'நன்றி' என்று ஒட்டினார்.

இருபது முழக்கங்கள் தாண்டியபோது ஒரு விசித்திரம் நடந்தது. எம்.பி. தான் பேசியதாகவே நம்பத் தொடங்கினார். "மந்திரி எந்திரிச்சாரு, நான் விடல, 'உக்காருங்க, எங்க வெங்காயத்துக்கு மொதல்ல பதில் சொல்லுங்க'ன்னேன்" என்று கல்லங்குறிச்சித் தேரோட்டத்தில் பத்துப் பேருக்கு நடுவில் சொன்னார். பழனிவேல் பக்கத்தில் நின்று தலையாட்டினான். வசனம் தன்னுடையதைவிட நன்றாக இருக்கிறதே என்று அவனுக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

டெல்லியிலிருந்து பழுப்புக் கவர்கள் வந்துகொண்டிருந்தன. ஆபீஸைப் பார்த்துக்கொள்ளும் பூங்காவனம், "சார், இத என்ன பண்றது?" என்று கேட்டாள். பதிலில் என்ன இருக்கப்போகிறது, 'கவனிக்கப்படும்' என்றுதானே இருக்கும் என்று நினைத்த பழனிவேல், "கட்டி அலமாரி மேல வை, அப்புறம் பாக்கலாம்" என்றான். எழுதுவதில் இருந்த ருசி படிப்பதில் அவனுக்கு இல்லை.

அந்தக் காலத்தில்தான் லப்பைக்குடிக்காட்டிலிருந்து சாகிரா வந்தாள். அவள் கணவர் ஜபருல்லா சவுதியில் டிரைவர். தம்மாமிலிருந்து கடைசியாகப் போன் பண்ணி, முதலாளி பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, தான் ஓடிப்போய்விட்டதாகப் போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டான் என்று சொன்னவர்தான். ஆறு மாதமாகப் பேச்சில்லை. ஊர்க்காரர்கள் அங்கே தேடியும் தடயமில்லை.

"பார்லிமெண்டுலயே பேசிடறேன்மா, போ" என்றார் எம்.பி.

பழனிவேல் பெயர், பாஸ்போர்ட் எண் எல்லாம் குறித்துக்கொண்டு, 'வளைகுடாவில் வாடும் தமிழர்கள்' என்று ஒரு பக்கம் எழுதினான். முடிவில் ஒரு பெண்ணின் கண்ணீரைப் பற்றி நாலு வரி. அந்த நாலு வரியை எழுதிவிட்டு அவனே மூன்று தடவை படித்தான்.

எட்டு மாதம் போனது. முழக்கங்கள் நாற்பத்தொன்றை எட்டியபோது, லப்பைக்குடிக்காட்டிலேயே எம்.பி.க்குப் பாராட்டுக் கூட்டம் ஏற்பாடாயிற்று. சாகிராவை மேடையேற்றி நன்றி சொல்ல வைப்பது பழனிவேலின் யோசனைதான். அவள் பத்தாவது படிக்கும் மகள் ருமைசாவோடு வந்தாள். மைக்கை அவள் கையில் கொடுத்தார்கள்.

"எங்க வூட்டுக்காரருக்காக எம்.பி. ஐயா பேசினாங்கன்னு போஸ்டர்ல பாத்தேன். அல்லாஹ் அவங்களுக்கு நல்லது செய்யட்டும்" என்றாள். கைதட்டல். அவள் மைக்கை விடவில்லை. "என்ன பதில் சொன்னாங்கன்னு மட்டும் யாரும் சொல்லல. ஐயா இங்கயேதான் இருக்காங்க. சொல்லுங்கய்யா, மந்திரி என்ன சொன்னாரு?"

அய்யம்பெருமாள் பழனிவேலைப் பார்த்தார். கூட்டமும் பழனிவேலைப் பார்த்தது.

"மந்திரி… ரொம்ப வருத்தப்பட்டாரும்மா" என்றார் எம்.பி. "கண்ணு கலங்கிட்டாரு."

சாகிரா தலையாட்டினாள். நம்பினாளா இல்லையா என்று தெரியவில்லை. மைக்கை மெதுவாக வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

மறுநாள் காலை பூங்காவனம் வருவதற்கு முன்பே பழனிவேல் ஆபீசைத் திறந்து, அலமாரி மேலிருந்த கட்டுகளை இறக்கி அவிழ்த்தான். இரண்டாவது கட்டின் நடுவில் வெளியுறவு அமைச்சகத்தின் கவர் இருந்தது. தேதி ஏழு மாதத்துக்கு முந்தையது.

ஜபருல்லா கண்டுபிடிக்கப்பட்டுவிட்டார் என்றது கடிதம். நாடு கடத்தப்படுபவர்களை வைத்திருக்கும் முகாமில் இருக்கிறார், நலம். கையில் பாஸ்போர்ட் இல்லாததால், குடும்பத்தார் அவருடைய பழைய பாஸ்போர்ட் நகலும் புகைப்படமும் ஓர் உறுதிமொழியும் அனுப்பினால், தூதரகம் உடனே பயணச்சீட்டுக்கு வழிசெய்யும்; மாண்புமிகு உறுப்பினர் இதைக் குடும்பத்தாருக்குத் தெரிவிக்க வேண்டும்.

'கவனிக்கப்படும்' என்ற சொல் கடிதத்தில் எங்கும் இல்லை. பழனிவேல் அதைத் தேடித்தேடிப் பார்த்தான். இருந்திருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

எம்.பி.யிடம் போனில் சொன்னான். "அடடே!" என்றார் அவர். "நேத்தே தெரிஞ்சிருந்தா மேடையிலேயே சொல்லியிருக்கலாமேய்யா! சரி, ஆளு வரட்டும், ஏர்போர்ட்டுல வச்சிக்கலாம்."

பழனிவேல் பஸ் பிடித்து லப்பைக்குடிக்காடு போனான். வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்தான். தபால் தாமதம் என்று சொல்லலாம். டெல்லியில் இப்படித்தான் என்று சொல்லலாம். நாற்பத்தொரு பக்கம் எழுதியவனுக்கு ஒரு பொய் கோத்து எழுதுவது பெரிய காரியமா? ஆனால் கதவைத் திறந்த ருமைசா கடிதத்தை வாங்கி, அவனைவிட வேகமாகப் படித்து, முதலில் "உம்மா, அத்தா இருக்காங்க!" என்று கத்தினாள். அப்புறம் தேதியைப் பார்த்தாள்.

"இது எப்ப வந்துச்சு?" என்றாள் சாகிரா.

"வந்து ஏழு மாசம் ஆச்சும்மா. நான் பிரிக்கல. கட்டி வைக்கச் சொன்னதும் நான்தான்."

சாகிரா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஏழு மாசமா தெனம் அந்தத் தபால்காரர நிறுத்திக் கேட்டிருக்கேன்ணே. நான் வந்தாலே அவரு சைக்கிள அந்தாண்ட திருப்பிக்குவாரு. பாவம், அவர எவ்வளவு திட்டியிருக்கேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "பேப்பர்ல எங்க கையெழுத்துப் போடணும், சொல்லுங்க. வூட்டுக்கு வந்தவங்களுக்கு டீ குடுக்கணும். இன்னிக்கு என்னால முடியாது. கோவிச்சுக்காதீங்க."

"வேணாம்மா" என்றான் பழனிவேல். அவனிடம் அதற்கு மேல் தமிழும் இல்லை, இங்கிலீஷும் இல்லை.

காகிதங்கள் போய்ச் சேர்ந்த ஆறாவது வாரம் ஜபருல்லா திருச்சி விமான நிலையத்தில் இறங்கினார். பாதி உடம்பாக இருந்தார். மகளைக் கட்டிக்கொள்வதற்குள் அய்யம்பெருமாள் நடுவில் புகுந்து சால்வை போர்த்தி, கேமராப் பக்கம் திரும்பி நின்றார்.

"யாரு இவங்க?" என்று மனைவியிடம் கேட்டார் ஜபருல்லா.

"பார்லிமெண்டுல பேசுறவங்களாம்" என்றாள் சாகிரா.

பழனிவேல் தூணோரம் நின்றிருந்தான். சாகிரா கணவரை நேராக அவனிடம் கூட்டிவந்தாள். "இவருதான் உங்களுக்காக எழுதினது. வந்த பதில ஏழு மாசம் கட்டி வச்சிருந்ததும் இவருதான். வூடு தேடி வந்து ஒளிக்காம சொன்னதும் இவருதான்."

ஜபருல்லா அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஏழு மாதத்தை மனதுக்குள் கூட்டிப் பார்ப்பதுபோல இருந்தது. பிறகு கையை நீட்டினார். அந்தக் கையைப் பிடித்ததைப்போல் கஷ்டமான காரியம் எதையும் பழனிவேல் அதுவரை செய்ததில்லை.

அந்த வாரமே மிச்சக் கவர்கள் எல்லாவற்றையும் பிரித்தான். பாதிக்கு மேல் வெறும் மரியாதைதான். ஆனால் புழுதி பற்றிய கடிதத்தில், பாதிக்கப்பட்ட கிராமங்களின் பட்டியலை அனுப்பினால் ஆய்வுக் குழு வரும் என்று கேட்டிருந்தார்கள். வெங்காயத்துக்குக் குளிர்பதனக் கிடங்கு வைக்க எங்கே இடம் என்று கேட்டிருந்தார்கள். அதற்கான கெடு போன பொங்கலோடு முடிந்திருந்தது.

"இதுக்கெல்லாம் பதில் அனுப்பி முடிக்கிறவரைக்கும் புதுசா எழுத மாட்டேங்கய்யா" என்றான் எம்.பி.யிடம்.

"அப்ப எண்ணிக்கை?"

"நாப்பத்தொண்ணுலயே நிக்கும்."

அய்யம்பெருமாள் அவனை இரக்கத்தோடு பார்த்தார். அடுத்த மாதமே ஜெயங்கொண்டத்திலிருந்து ஒரு எம்.ஏ. பட்டதாரியை வேலைக்கு எடுத்துக்கொண்டார். புது ஆள் வேகமானவன். பதவிக்காலம் முடிவதற்குள் அறுபதைத் தாண்டவைத்தான். பழனிவேல் அதை அரியலூர் பக்கம் ஒரு கிராமத்து டீக்கடைச் சுவரில், போஸ்டரில் பார்த்தான். ஒரு நோட்டும் பேனாவுமாக, புழுதியால் எந்தெந்த வீட்டில் இருமல் என்று கேட்டு எழுதிக்கொண்டு, அவன் அடுத்த தெருவுக்குள் திரும்பினான்.