ஒப்புக்குச் சேர்த்த மூன்றாவது இடம்

புதிய கால்பந்து மைதானத்தை எங்கே கட்டுவது என்று நகரத் திட்ட அலுவலகம் பதினொரு மாதமாக அரைத்த மாவையே அரைத்துக்கொண்டிருந்தது. இரண்டாம் மாடிக் கூட்ட அறையின் சுவரில் நகர வரைபடம் ஒன்று. அதில் மூன்று குண்டூசிகள். சிவப்பு, ஊருக்கு வெளியே புறவழிச்சாலை ஓரத்துப் பொட்டல். நீலம், ரயில் நிலையத்தை ஒட்டிக் கிடந்த பழைய சரக்குக் கிடங்கு வளாகம். பச்சை, கால்வாய்க்கு அந்தப் பக்கம் பூட்டிக் கிடந்த ஓட்டுத் தொழிற்சாலை.

பச்சையை யாரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. படிவத்தில் மூன்று இடங்கள் இருந்தாக வேண்டும் என்று விதி. "மூணாவதா எதையாவது ஒப்புக்குச் சேர்த்துடும்மா" என்றார் தலைமைப் பொறியாளர். அவளும் சேர்த்துவிட்டாள்.

அவள் அந்த அலுவலகத்தின் போக்குவரத்துப் பொறியாளர். சண்டையெல்லாம் சிவப்புக்கும் நீலத்துக்கும்தான். நாலாயிரம் கார் நிறுத்தலாம் என்று சிவப்புக்காக ஒற்றைக் காலில் நின்றார் தலைமைப் பொறியாளர். நடைமேடையிலிருந்து மூன்றே நிமிடம் என்று நீலத்துக்காக மற்றொரு காலில் நின்றாள் அவள். தொண்ணூற்றிரண்டு பக்க அறிக்கை எழுதினாள். கூட்டம் வருவதும் கலைவதும் அதில் அம்புக்குறிகளாகவும் வளைகோடுகளாகவும் அழகாக இருந்தது.

அந்த அறிக்கையைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனதுதான் வினையாகிவிட்டது. திரும்பி வந்தபோது அவளுடைய நாத்தனார் முப்பதாம் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

நாத்தனார் ஒரு பல் மருத்துவமனையில் உதவியாளர். வாரம் ஆறு நாள் அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்லும் வேலை. ஏழாவது நாள் தன் வாயைத் திறந்துவிடுவாள். நகர அணியின் ரசிகர் மன்றத்துக்கு அவள்தான் செயலாளர். இரண்டு விரலை வாயில் வைத்து அவள் அடிக்கும் விசில் எதிரணி கோல்கீப்பரைத் திரும்பிப் பார்க்க வைக்கும் என்பார்கள். மன்றத்தில் அவள் பெயரே விசில்தான். வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது.

"என்ன அண்ணி இது? மேட்ச் முடிஞ்சதும் எல்லாரும் நிமிஷத்துக்கு எண்பது மீட்டர் நடப்பாங்கன்னு போட்டிருக்கீங்க?"

"அது சராசரி வேகம். புத்தகத்துல இருக்கு."

"புத்தகத்துல இருக்கட்டும். ஜெயிச்சா நாங்க நடக்கவே மாட்டோம், ஆடுவோம். தோத்தா பத்தடிக்கு ஒருதரம் நின்னு கோச்சைத் திட்டுவோம். ஒருத்தனுக்குச் செருப்பு அறுந்துபோகும், ஒருத்தன் குழந்தையத் தேடுவான். இதுல எந்த அம்புக்குறியிலயும் நான் இல்லையே அண்ணி."

அவளுக்குச் சுருக்கென்றது. பதினேழு வருட அனுபவம் என்று சொல்ல வாயெடுத்தவள், அறிக்கையை இழுத்து மூடினாள்.

"சரி, எப்படிக் கணக்கெடுக்கணும்னு நீயே சொல்லு" என்றாள், கொஞ்சம் வீம்பாகவே.

"எங்கள கூட்டிக்கிட்டுப் போங்க. மூணு இடத்துக்கும். மேட்ச் நடந்து முடிஞ்ச மாதிரி நினைச்சுக்கிட்டு வீட்டுக்குத் திரும்பிக் காட்டறோம்."

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அவள் அன்று முழுவதும் அதையே மனத்தில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை தலைமைப் பொறியாளரின் அறைக் கதவைத் தட்டிவிட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இல்லாத மைதானத்திலிருந்து இல்லாத ஆட்டம் முடிந்து ஜனங்கள் வீட்டுக்குப் போவதா? பிறகு அவர் முகம் மலர்ந்தது. சிவப்பு ஊசி வென்றுவிடும் என்று அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

"செய்யலாம்மா. நானும் வர்றேன். ஒரே ஒரு நிபந்தனை. கார் வச்சிருக்கறவங்க கார்லதான் வரணும்."

ஆட்டமில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை குறிக்கப்பட்டது. மன்றத் தலைவர் ஒரு சலூன்காரர். கடைக்கு வந்த தலைகளையெல்லாம் பிடித்து, கத்தரி கையில் இருக்கும்போதே சம்மதம் வாங்கிவிட்டார். முன்னூறு பேர் வந்தால் பெரிது என்று அவள் நினைத்தாள். வந்தவர்கள் அறுநூறுக்கு மேல். கொடி, தாரை, தப்பட்டை எல்லாம் வந்திருந்தன. ஒருவர் பழைய நுழைவுச் சீட்டுகளைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார், அப்போதுதான் ஆட்டம் மாதிரி இருக்கும் என்று.

காலையில் சிவப்பு. எட்டுப் பேருந்துகளும் நூறு கார்களும் பொட்டலுக்குப் போய்ச் சேர்ந்ததில் குறையொன்றும் இல்லை. தலைமைப் பொறியாளர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தன் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர்களைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"ஆட்டம் முடிஞ்சது!" என்று அவள் கையை உயர்த்தினாள். விசில் விசிலடித்தாள்.

நூறு கார்களும் ஒரே நேரத்தில் உறுமின. வெளியே போக ஒரே மண்பாதை. அது போய் முட்டும் புறவழிச்சாலையில் லாரிகள் இடைவெளி விட்டால்தானே! முதல் பேருந்து மூக்கை நீட்டியபடி ஆறு நிமிடம் நின்றது. பின்னால் கார்கள் குறுக்கும் நெடுக்குமாகச் சொருகிக்கொண்டன. மூன்றாம் பேருந்துக்கும் ஒரு மீன் வண்டிக்கும் நடுவே, முன்னும் போக முடியாமல் பின்னும் போக முடியாமல், தலைமைப் பொறியாளரின் வெள்ளைக் கார்.

வெயில் ஏறியது. ஜனங்கள் இறங்கினார்கள். யாரோ பந்தைத் தூக்கிப் போட, பொட்டலிலேயே ஆட்டம் தொடங்கிவிட்டது. நடுவர் இல்லை. சலூன்காரர் நேராக வெள்ளைக் காரின் கண்ணாடியைத் தட்டினார்.

"சார், நீங்க சும்மாதானே இருக்கீங்க?"

தலைமைப் பொறியாளர் முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கினார். ஐந்தாவது நிமிடமே ஒரு கோல் செல்லாது என்றார். அத்தனை பேரும் சேர்ந்து ஊளையிட்டார்கள். அவர் அசையவில்லை. இடுப்பில் கைவைத்து, செல்லாதென்றால் செல்லாதுதான் என்று நின்றார்.

கடைசி வண்டி சாலையில் ஏறியபோது அவள் கடிகாரத்தை நிறுத்தினாள். ஒரு மணி பத்து நிமிடம். அவரிடம் போய் எப்படிச் சொல்வது என்று தயங்கினாள். அவரோ வியர்வையைத் துடைத்தபடி, "இருவது வருஷமா ஆபீஸ்ல யாருமே என்னை இப்படித் திட்டினதில்லம்மா" என்றார். வருத்தப்பட்டுச் சொன்ன மாதிரி தெரியவில்லை.

அடுத்தது நீலம். இதில் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. உண்மையில் வரப்போகிறவர்கள் இருபத்தையாயிரம் பேர், வந்திருப்பவர்கள் அறுநூறு. அதனால் வழியையும் அதே அளவுக்குச் சுருக்க ஏற்பாடு செய்திருந்தாள். நிலையத்தின் ஆறு வாசல்களில் ஐந்தை விட்டுவிட்டு, ஆறாவதில் ஓர் ஆள் மட்டும் நுழையும்படி கயிறு கட்டினாள். கிடங்கு வளாகத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டு மைதானத்தின் வாயிலைக் குறித்தாள்.

மறுபடி விசில். அறுநூறு பேரும் கிளம்பினார்கள். மூன்று நிமிட நடைதான். அத்தனை பேரும் ஒரே மூச்சில் நிலையத்தை நோக்கி வந்தார்கள். கயிற்று இடைவெளி ஒவ்வொருவராகத்தான் விழுங்கியது. வரிசை பருத்தது, சுருண்டது, பின்னுக்கு நீண்டது. நான்காம் நிமிடத்தில் வரிசையின் வால் சுண்ணாம்புக் கோட்டையே தொட்டுவிட்டது. உள்ளிருந்து வருபவர்களுக்கு அது தெரியாது. பாடிக்கொண்டே வந்து முன்னால் நிற்பவர்களின் முதுகில் மோதினார்கள்.

"தள்ளாதீங்கப்பா!"

"நான் எங்க தள்றேன், என்னையில்ல தள்றாங்க!"

ஒரு பெண்மணி தன் குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டாள். போக்குவரத்துப் பொறியாளர் அதைப் பார்த்த மாத்திரத்தில் ஓடிப்போய்க் கயிற்றை அறுத்துவிட்டாள். கூட்டம் பொலபொலவென்று உள்ளே போயிற்று. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒற்றைச் செருப்பு ஏழெட்டு மிஞ்சியது, அவ்வளவுதான். ஆனால் அறுநூறு பேருக்கே இப்படி என்றால் இருபத்தையாயிரம் பேருக்கு? ஐம்பத்தோராம் பக்கத்தில் இந்த இடத்தில் அவள் போட்டிருந்தது ஒரே ஒரு மெல்லிய அம்புக்குறி.

விசில் வந்து பக்கத்தில் நின்றாள். கேலி செய்வாள் என்று அவள் எதிர்பார்த்தாள். விசில் தண்ணீர்ப் புட்டியை நீட்டினாள். "குடிங்க அண்ணி. இன்னும் ஒண்ணு இருக்கில்ல."

மூன்றாவதை விட்டுவிடலாமா என்று அவளுக்கே தோன்றியது. எல்லாரும் களைத்திருந்தார்கள். நிலையத்துக்கும் ஓட்டுத் தொழிற்சாலைக்கும் நடுவே ஒன்றரைக் கிலோமீட்டர். எந்த ரசிகன் அவ்வளவு தூரம் நடப்பான்? ஆனால் சலூன்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. "மூணு இடம்னு சொல்லிக் கூட்டியாந்துட்டு ரெண்டோட அனுப்பினா எப்படிம்மா?" என்றார். சரி என்று கூட்டத்தைத் தொழிற்சாலைக்கு அனுப்பிவிட்டு, அவள் கயிற்றை முன்போலவே கட்டிக்கொண்டு நிலைய வாசலில் நின்றாள். கூடவே தலைமைப் பொறியாளர்.

புறப்பட்டுவிட்டோம் என்று விசிலிடமிருந்து தகவல் வந்தது. பத்து நிமிடம் ஆயிற்று, யாரும் வரவில்லை. பதினான்காம் நிமிடம் வேகநடைக்காரர்கள் சிலர் வந்து, கயிற்றுக்குள் நுழைந்து, போய்விட்டார்கள். பிறகு நாலைந்து பேர். பிறகு ஒரு குடும்பம். வந்தவர்கள் நிற்கவே இல்லை. வரிசை என்று சொல்ல பத்துப் பேர்கூடச் சேரவில்லை.

"என்னம்மா, மத்தவங்கல்லாம் வீட்டுக்குப் போயிட்டாங்களா?" என்றார் அவர்.

அவள் தொலைபேசியை எடுத்தாள். "எங்க இருக்கீங்க? கூட்டத்தைக் காணோமே!"

"வந்துக்கிட்டேதான் அண்ணி இருக்கோம். முன்னாடி கொஞ்சம் பேர் ஓடிட்டாங்க. பாதி வழியில பஸ் ஸ்டாப் இருக்கில்ல, அங்க ஒரு கும்பல் ஏறிடுச்சு. கால்வாய்க்கரைக்காரங்க அப்படியே வீட்டுக்கு நடந்துட்டாங்க. நாங்க ஐஸ்கிரீம் கடையில நிக்கிறோம். உங்களுக்கு என்ன வேணும்?"

அவள் வாசலை அவர் பொறுப்பில் விட்டுவிட்டு அந்தத் தெருவுக்குள் நடந்தாள். தூரத்தில் கொடி தெரிந்தது. கூட்டம் தெரு நெடுகத் தானாகவே மெலிந்து நீண்டிருந்தது. சிலர் பாடிக்கொண்டு, சிலர் தேநீர்க் கடையில் காலையில் செல்லாமல் போன கோலுக்காக வாதாடிக்கொண்டு, ஒருவர் தூங்கிவிட்ட மகளைத் தோளில் போட்டுக்கொண்டு. யாரையும் யாரும் இடிக்கவில்லை. மாடியிலிருந்து எட்டிப் பார்த்தவர்கள் ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்று கேட்டார்கள். "மூணுக்கு ரெண்டு!" என்று சலூன்காரர் கூசாமல் அளந்துவிட்டார்.

கால்வாய்ப் பாலத்தில் மட்டும் ஓரிடத்தில் நின்றிருந்தார்கள். சக்கர நாற்காலியில் வரும் தையற்காரர் ஒருவர். பாலம் முடியும் இடத்தில் இரண்டு படிகள். நான்கு பேர் நாற்காலியைத் தூக்க வந்தார்கள். அவர் கையைக் காட்டி நிறுத்தி, அவளைப் பார்த்தார்.

"என்னைத் தூக்கறது பெரிய விஷயமில்லம்மா. தூக்கினா கை ரெண்டும் நாற்காலியப் பிடிச்சுக்கும். நான் எப்படிக் கைதட்டறது? இந்த ரெண்டு படிய எடுத்துட்டுச் சரிவாக்கிடுங்க."

அவள் அங்கேயே குந்தி உட்கார்ந்து டேப்பை விரித்தாள். படியின் உயரம், பாலத்தின் அகலம், சரிவுக்கு வேண்டிய நீளம். தையற்காரர் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். அளவெடுப்பது அவருக்கும் பழகிய வேலைதானே.

அடுத்த புதன்கிழமை குழுக் கூட்டம். அவள் தொண்ணூற்றிரண்டு பக்கத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு ஒன்பது பக்கத்தோடு போனாள். உட்கார்ந்திருந்த பதினொரு பேரும் நீலமா சிவப்பா என்ற பழைய சண்டைக்குத் தயாராக இருந்தார்கள்.

"நான் சொன்ன இடம் தப்பு" என்று ஆரம்பித்தாள். சொல்லும்போது காது சுட்டது. "நிலையம் பக்கத்துல இருந்தா நல்லதுன்னு நினைச்சேன். ரொம்பப் பக்கத்துல இருக்கறதுதான் சிக்கல். கூட்டம் பிரியறதுக்குக் கொஞ்சம் தெரு வேணும். ஓட்டுத் தொழிற்சாலைக்கு அந்தத் தெரு இருக்கு."

உறுப்பினர் ஒருவர் விடவில்லை. "பதினோரு மாசமா நீலத்துக்கு ஒத்தைக் கால்ல நின்னது நீங்கதானே?"

"ஆமா சார். கால் வலிச்சிடுச்சு. இப்ப ரெண்டு காலையும் ஊனி நிக்கறேன்."

சிரிப்பலை அடங்கியதும் எல்லாரும் தலைமைப் பொறியாளரைப் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமினார். ஞாயிற்றுக்கிழமை வெயிலில் கறுத்த மூக்கு இன்னும் உரிந்துகொண்டிருந்தது.

"புறவழிச்சாலையில நான் ஒரு மணி பத்து நிமிஷம் மாட்டிக்கிட்டேன். அதுக்கு மேல எனக்குச் சொல்ல ஒண்ணுமில்ல" என்றார். பிறகு, கௌரவத்தை முழுக்க விட மனமில்லாமல், "ஆனா கார் நிறுத்த நானூறு இடமாவது வேணும். அத விட்டுத் தரமாட்டேன்" என்றார். நானூறு என்று எழுதப்பட்டது. பாலத்துக்குச் சரிவு என்று எழுதப்பட்டது. பாதி வழிப் பேருந்து நிறுத்தத்துக்குக் கூரை என்றும் எழுதப்பட்டது. எட்டுக்கு மூன்றாகப் பச்சை வென்றது.

அலுவலகம் விட்டதும் அவள் வீட்டுக்குப் போகாமல் நேரே பல் மருத்துவமனைக்குப் போனாள். வரவேற்பில் யாருமில்லை. உள்ளறைக் கதவு பாதி திறந்திருந்தது. நாற்காலியில் ஒரு பெரிய உடம்புக்காரர் வாயைப் பிளந்தபடி சாய்ந்திருந்தார். மருத்துவர் ஊசியை எடுத்துக்கொண்டிருந்தார். விசில் உறிஞ்சு குழாயோடு நின்றாள். கண்ணாலேயே கேட்டாள், என்ன ஆச்சு என்று.

"ஓட்டுத் தொழிற்சாலை!" என்றாள் அவள் கதவருகிலிருந்தே.

விசிலின் இரண்டு கைகளிலும் கருவிகள் இருந்தது மருத்துவரின் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் அந்த விசிலில் அறைக் கண்ணாடி மிஞ்சியிருக்காது. ஆனால் நாற்காலியில் இருந்தவர் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை தப்பட்டை அடித்தவர். வாய் நிறையப் பஞ்சோடு, "எப்ஃபோ? எப்ஃபோ தெழப்பாங்க?" என்று கேட்டார்.

"மூணு வருஷம் ஆகும்" என்றாள் அவள்.

மருத்துவர் அவருடைய தோளைப் பிடித்து மெல்லச் சாய்த்தார். "அப்ப நேரம் இருக்கு. இந்தப் பல்ல முடிச்சிடலாமா?"