அருளானந்தன் சேரின் பதினொரு முதலாளிமார்

ஒஸ்லோவில் மாடிப்படி கழுவும் தமிழர் பலர் உண்டு. மாடிப்படி கழுவும் முதலாளிமார் பதினொரு பேர்தான். அவர்களைப் படைத்தவர் அருளானந்தன். துப்புரவுக் கம்பனி நடத்தும் அவர் யாரையும் வேலைக்கு எடுப்பதில்லை. வருகிறவரைத் தனியொரு கம்பனியாகப் பதிந்து, விசிற்றிங் கார்ட் அடித்துக் கொடுத்து, கூடவே வாளியையும் கொடுத்துவிடுவார். முதலாளிக்கு நோய் விடுப்பு எதற்கு? கொடுக்க மேலே ஆள் இல்லையே!

சத்தியபாமாவும் அப்படியொரு முதலாளி. ட்வெய்ட்டா மாடிக்குடியிருப்பில் ஈரப்படியில் வழுக்கி வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். எலும்பு பொருந்துமுன் வேலை செய்தால் கை பிறகு திரும்பவே திரும்பாது என்று எச்சரித்து மாவுக்கட்டுப் போட்டுவிட்டார் வைத்தியர். அவளுடைய படிகளையும் பதினொருவரில் ஒருத்தியான கூட்டாளி மேரின்தான் சேர்த்துக் கழுவினாள்.

இதற்கிடையில் சட்டம் மாறியிருந்தது. அடுத்தவருக்கு உழைப்பவரைத் தொழிலாளி என்றே கொள்ள வேண்டும். தொழிலாளி இல்லையென்றால் அதைக் கம்பனிதான் நிரூபிக்க வேண்டும். சட்டம் வந்த காலத்தில் 'தொழில் வேந்தர்' பட்டத்துக்குப் பொன்னாடை வாங்கிக்கொண்டிருந்த அருளானந்தன் அதைக் கவனிக்கவில்லை. தொழில் பரிசோதகர் வருகிறார் என்றதும் நன்றாகவே கவனித்தார்.

"தொழிலாளி எண்டு முடிவானால் உங்களுக்குச் சம்பளத்தோட லீவு அக்கா, கை தப்பும்" என்று மேரின் காதுக்குள் சொன்னாள். அதைத் தன் வாயால் கேட்கச் சத்தியபாமாவுக்குத் துணிவில்லை. பரிசோதகர் தானாகவே கண்டுபிடித்தால் நல்லது என்றிருந்தாள்.

பரிசோதகர் வருவதற்கு முதல் நாள் ஒத்திகை. அருளானந்தன் உள்ளே வந்ததும் பதினொரு பேரும் எழுந்து நின்றார்கள்.

"இருங்கோ! நாளைக்கு இப்பிடி எழும்பினால் நான் துலைஞ்சன். எனக்குக் கீழை ஒருத்தரும் இல்லை, விளங்கிச்சோ?"

"விளங்கிச்சு சேர்."

"சேர் எண்டு சொல்லாதேங்கோ!"

"சரி சேர்."

வெளியே போய்த் திரும்பத் திரும்ப வந்தார். கடைசியில் ஒருவரும் எழவில்லை. ஒத்திகை வெற்றி. ஆனால் அவர் முகம்தான் ஏனோ சுருங்கிப்போயிற்று.

மறுநாள் வந்த பரிசோதகர் ஓர் இளம்பெண். கோப்பி குடித்தபடி, உங்கள் முதலாளி யார் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டாள். "நான்தான்" என்றாள் மேரின். "நானே" என்றாள் சத்தியபாமா. சொன்ன பிறகு தன் நாக்கைக் கடித்துத் துப்பலாம் போலிருந்தது.

அப்போது அருளானந்தன் கோட்டும் சூட்டுமாக உள்ளே வந்தார். யாரும் அசையவில்லை. ஒருவர் பிஸ்கட்டைக் கூடக் கடித்தார். எல்லாம் அவர் சொல்லிக் கொடுத்தபடியே நடந்தது. இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் தப்பியிருப்பார். ஆனால் வெள்ளைக்காரிக்கு முன்னால் தன் ஆட்கள் குந்தியிருப்பதைத் தொழில் வேந்தரால் தாங்க முடியவில்லை.

"என்ன, மரியாதை எண்டொண்டு இல்லையோ உங்களுக்கு?"

பதினொரு கதிரைகளும் ஒரேயடியாகப் பின்னுக்கு இழுபட்டன. பரிசோதகருக்குத் தமிழ் தேவைப்படவில்லை.

அவர்கள் எல்லோரும் தொழிலாளர்களே என்று முடிவு வந்தது. "கை தப்பிச்சு!" என்று மேரினைக் கட்டிப்பிடித்தாள் சத்தியபாமா. அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் அருளானந்தன் கம்பனியை மூடினார். பக்கத்து நகரமான திராமனில் மனைவி பெயரில் புதிய கம்பனி முளைத்தது. அதே படிகள், அதே வாளிகள். சத்தியபாமாவுக்கு எடுத்த தொலைபேசியில் அவர் குரலில் தேன் ஒழுகியது.

"பிள்ளை, இனி நீங்கள் எல்லாரும் பங்காளிமார். சட்டத்தாலை ஒண்டும் செய்யேலாது."

"அண்ணை, அந்த லீவு..."

"அது பழைய கம்பனியிட்டைக் கேக்க வேணும்."

"அதை நீங்கள் மூடிப்போட்டியளே!"

"அப்ப கேஸ் போடுங்கோ. எப்ப முடியுமெண்டு கடவுளுக்குத்தான் வெளிச்சம். திங்கட்கிழமை வராட்டி ட்வெய்ட்டாவை வேற பங்காளிக்குக் குடுக்கிறன். பங்காளி லீவு கேக்கிறதோ?"

சத்தியபாமா மேரினுக்குப் போன் எடுத்தாள். "நான் ஒப்பம் வைச்சிட்டன் அக்கா. என்ன செய்ய? வீட்டு வாடகை நிக்குதே" என்றாள் அவள். வழக்குப் பேச்சை அங்கேயே விட்டுவிட்டு, சத்தியபாமா திங்கட்கிழமைக்கு வாளியை எடுத்து வைத்தாள்.

திங்கட்கிழமை காலை றப்பர் கையுறை மாவுக்கட்டின் மேல் ஏறவில்லை. இழுத்துப் பார்த்தாள், சவர்க்காரம் பூசிப் பார்த்தாள். கடைசியில் மீன் வெட்டும் கத்தரிக்கோலை எடுத்து மாவுக்கட்டை நெடுக வெட்டிக் கழற்றினாள். கையுறை லேசாக ஏறியது. கைதான், வைத்தியர் சொன்னது போலவே, பிறகு திரும்பவேயில்லை.