தட்டோடு போன கோப்பு

நிச்சயதார்த்தம் முறிந்தால் தட்டோடு வந்த எதுவும் வீட்டில் தங்கக்கூடாது என்பது அந்தோனிமுத்துவின் கொள்கை. சேலை, மோதிரம், கேக் பெட்டியைக் கட்டியிருந்த ரிப்பன் என்று எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு லுணுகலையிலிருந்து பதுளைக்கு பஸ் ஏறினார். சம்பந்தியாக இருந்த புவனேந்திரன் வீட்டு மேசையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். நீட்டிய தண்ணீரைக்கூடத் தொடாமல் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார்.

அப்படி என்ன நடந்தது என்று ஊர் கேட்டது. நடந்தது ஒரு வார்த்தைதான். லுணுகலைக் கடைவீதியில் அவருடைய மகள் றொஷேல் அச்சுக்கடை நடத்துகிறாள். கல்யாண அழைப்பு, மரண அறிவித்தல், பாடசாலை வினாத்தாள் என்று சுற்றுத் தோட்டங்களின் எழுத்து வேலையெல்லாம் அவள் கையில்தான். பலகையிலும் அவள் பெயர்தான்.

"கலியாணத்துக்குப் பொறகு மருமக கடையில குந்திக்கிட்டிருந்தா எங்களுக்கு மரியாத இல்லீங்க. கடைய எங்க பையன் ஜெசிந்தன் பாத்துக்குவான். போர்டையும் மாத்திரலாம்" என்றார் மாப்பிள்ளையின் அப்பா புவனேந்திரன்.

அந்தோனிமுத்து தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். காலையில் ஆளெடுக்கும் பெரட்டில் அத்தனை பேருக்கு முன்னால் நிமிர்ந்து நின்று பழகிய முதுகு.

"போர்டு மாறாது. மாப்பிள்ள மாறலாம்" என்று எழுந்துவிட்டார்.

பை காலியான பிறகும் அவருக்கு மனம் ஆறவில்லை. கடையிலிருந்த கம்ப்யூட்டர் கண்ணில் பட்டது.

அது தேயிலைத் தொழிற்சாலை ஆபீஸ் கழித்துப்போட்ட பழைய பெட்டி. ஊரெல்லாம் வைத்திருக்கும் விண்டோஸை ஏற்றினால் மூச்சு வாங்கி நின்றுவிடும். றொஷேல் எங்கோ தேடிப் பிடித்து, ஹைக்கூ என்று லுணுகலையில் யாரும் கேள்விப்படாத ஓர் இயங்குதளத்தைப் போட்டாள். அன்றிலிருந்து பெட்டி சொன்ன பேச்சைக் கேட்டது. நிச்சயமான பிறகு ஜெசிந்தன் வந்து அதில் சில மென்பொருள் சாமான்களைப் போட்டுக் கொடுத்தான். போடும்போதெல்லாம் அந்தோனிமுத்துவைக் கூப்பிட்டு, "மாமா, இத அமுக்கினா வரும், இத அமுக்கினா போயிரும்" என்று காட்டினான்.

மாமா மறக்கவில்லை. மகள் சாப்பிடப் போன ஒரு மத்தியானம் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து, ஜெசிந்தன் போட்டதையெல்லாம் ஒவ்வொன்றாக அமுக்கிப் போகச் செய்தார். அப்புறம்தான் நெஞ்சு லேசானது.

மறுநாள் றொஷேல் கோயில் திருவிழாவின் பாட்டுப் புத்தகத்தைத் திறந்தாள். பக்கமெல்லாம் கொம்புகள் எழுத்தை விட்டு நகர்ந்து பின்னால் போய் நின்றன. 'இயேசுவே' என்ற சொல்லே வாயில் நுழையாத வடிவத்தில் கிடந்தது. அவளுடைய அம்மா நேசராணி எட்டிப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"அப்பா, இத யாராச்சும் தொட்டீங்களா?"

"நான்தான் தொட்டேன். அவங்க சாமானெல்லாம் எடுத்தாச்சு."

"மோதிரத்தக் குடுத்தீங்க, சரி" என்றாள் நேசராணி. "கம்ப்யூட்டருக்குள்ள கைய விட யாருங்க சொன்னா?"

"எடுத்தது எடுத்ததுதான்."

றொஷேல் பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கினாள்.

"லயத்துப் பீலி மாதிரிப்பா. வீட்டுக்கு வீடு குழாய் இல்ல, எல்லாரும் ஒரே பீலியிலதான் தண்ணி புடிக்கிறாங்க. இதுக்குள்ளயும் எழுத்தக் கோத்துக் குடுக்கன்னு பொதுவா ஒரு லைப்ரரி இருக்கு. நம்ம பாட்டுப் புத்தகம் செய்யிற சாமான் பழசு. அதுக்குப் பழைய லைப்ரரிதான் ஒத்துக்கும். ஜெசிந்தன் அதத் தேடிப் போட்டுத் தந்தான். நீங்க அத எடுத்ததும் புதுசு வந்து அந்த எடத்துல குந்திருச்சு."

"எடுக்கிறப்ப பெட்டி ஒண்ணும் சொல்லலியே?"

"அதுக்குத் தெரிஞ்சாத்தானே சொல்லும்? பாட்டுப் புத்தகச் சாமான் நான் கையால கொண்டாந்து போட்டது. அதோட பதிவுல இல்ல."

ஒருவேளை சரியாகுமோ என்று அவள் பெட்டியிலிருந்த மற்றதையெல்லாம் புதுப்பித்துப் பார்த்தாள். கொம்புகள் அசையவில்லை. ஹைக்கூவின் பொதுக் கிடங்கிலும் புதிய லைப்ரரி மட்டுமே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கொடியேற்றம். புத்தகம் தன் மகள் கடையில்தான் அச்சாகும் என்று அந்தோனிமுத்து பங்குச் சாமியாரிடம் வாக்குக் கொடுத்திருந்தார். அத்தனை பாட்டையும் வேறு கடையில் புதிதாக அடிக்க நாள் இல்லை.

சேதி எப்படியோ பதுளைக்குப் போய்விட்டது. புவனேந்திரன் போன் செய்தார்.

"கேள்விப்பட்டேனுங்க. எங்க பையன் கை வச்சாத்தான் அந்தப் பெட்டி ஓடும்போல. புள்ளைய ஒரு வார்த்த கேக்கச் சொல்லுங்க, அடுத்த பஸ்ஸுலயே வந்துருவான். நம்ம பேச்சையும் விட்ட எடத்துல இருந்து பேசிக்கலாம்."

விட்ட இடம் எது என்று அந்தோனிமுத்துவுக்குத் தெரியும். அந்தப் பலகைதான். கேட்டுப் பெற்ற உதவிக்கு மறுநாளே கூலியாக அது இறங்கும்.

"புத்தகம் ஞாயித்துக்கெழம வரும். கோயிலுக்கு வந்தீங்கன்னா உங்களுக்கும் ஒண்ணு தருவேன்" என்று போனை வைத்தார்.

"எப்பிடி வரும்?" என்றாள் நேசராணி.

"வரும்."

சனிக்கிழமை காலையில் றொஷேல் கூப்பிட்டாள். "இங்க வாங்கப்பா. ஹைக்கூ எதையும் ஒரேயடியா வீசிறதில்ல. ஒண்ண மாத்தினா, முன்னாடி இருந்தத ஒரு மூலையில எடுத்து வச்சிக்கிது. நீங்க எடுத்தது இந்தா கெடக்கு."

கிழவரின் முகம் இறுகியது. "அப்ப அவன் சாமான் இன்னும் என் வீட்டுக்குள்ளதான் கெடக்கு?"

"ஆமா. சொல்லுங்க, இதையும் அழிச்சிர்றேன். புத்தகம் வராது."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அழி என்று சொல்ல நாக்கு துடித்தது. சொன்னால் ஞாயிற்றுக்கிழமை சாமியார் முன்னால் வெறுங்கையோடு நிற்க வேண்டும். சொல்லாவிட்டால் புவனேந்திரன் வீட்டுப் பொருளை வைத்துப் பிழைத்தவன் என்ற பெயர் வரும்.

"இத ஜெசிந்தனா செஞ்சான்?"

"இல்லப்பா. எந்தெந்த நாட்டு ஆளுங்களோ சேந்து செஞ்சது."

"அவங்கப்பா காசு குடுத்து வாங்கினாரா?"

"காசே இல்ல. யாரு வேணும்னாலும் எடுத்துக்கங்கன்னு வச்சிருக்காங்க."

"அப்ப ஜெசிந்தன் என்னதான் செஞ்சான்?"

"தேடி எறக்கிக் கொண்டாந்து போட்டான். அவ்வளவுதான்."

அந்தோனிமுத்து எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார்.

"தபால்காரன் கொண்டாந்து குடுத்தா கடுதாசி தபால்காரனோடதா? போடு புள்ள."

போட்டாள். கொம்புகள் மளமளவென்று தத்தம் எழுத்துக்கு முன்னால் வந்து நின்றன. ஆனால் அச்சுப்பொறி வாய் திறக்கவில்லை. அவள் புதுப்பித்ததில் அச்சு வேலை பார்க்கும் சாமானும் புதிதாகியிருந்தது. அது புதிய லைப்ரரியைத்தான் கேட்டது.

"அது இருந்தா இது இருக்காது, இது இருந்தா அது இருக்காது. நல்ல மாமியா மருமக" என்றாள் நேசராணி.

றொஷேல் பாட்டுப் புத்தகச் சாமான் இருந்த கோப்புறையைத் திறந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"பொதுவுல புதுசே இருந்துட்டுப் போகட்டும். பாட்டுப் புத்தகச் சாமானுக்கு மட்டும் பழச அதோட சொந்த வீட்டுக்குள்ளயே வச்சிருவோம். அது மொதல்ல வீட்டுக்குள்ளதான் தேடும். இல்லாட்டித்தான் வெளிய பீலிக்குப் போகும்."

"ஒண்ணுக்காக ஒண்ணு எறங்கிப் போக வேணாமில்ல?"

"வேணாம்ப்பா."

"அப்ப அதுதான் முறை."

மத்தியானம் பதுளை பஸ்ஸிலிருந்து புவனேந்திரன் குடையோடு இறங்கினார். நேரில் போய் நின்றால் மனம் இளகும் என்று நினைத்திருக்கலாம். கடைக்குள் அச்சுப்பொறி தாள் தாளாகத் தள்ளிக்கொண்டிருந்தது. நேசராணி அடுக்கிக்கொண்டிருந்தாள். புவனேந்திரன் ஒரு தாளை எடுத்துப் பார்த்தார். கொம்புகளெல்லாம் ஒழுங்காக நின்றன.

"அட, ஓடுதே!" என்றார். பிறகு சிரித்தார். "எங்க பையன் போட்டதுலதானே ஓடுது?"

அவர் கண் றொஷேலின் மீது இருந்தது. அவள் அடுத்த பக்கத்தை அச்சுக்கு அனுப்பினாள். அந்தோனிமுத்து முன்னால் வந்தார்.

"ஆமாங்க. அவன் கொண்டாந்து குடுத்ததுதான். இல்லேன்னு நான் சொல்ல மாட்டேன். எங்கேயோ இருக்கிறவங்க ஊருக்கெல்லாம் பொதுவா அனுப்பினத எங்க வாசல் வரைக்கும் தூக்கிக்கிட்டு வந்தான். தபால்காரன் வந்தா தேத்தண்ணி குடுக்காம அனுப்புற பழக்கம் எங்க வீட்டுல இல்ல. உக்காருங்க. நேசராணி, அவன் பங்குத் தேத்தண்ணிய இவருக்கு ஊத்து."

புவனேந்திரனின் சிரிப்பு பாதியில் நின்றது. தாளை மேசையில் வைத்தார். குடையை விரித்துக்கொண்டு படியிறங்கினார். இறங்கும்போது பலகையை நிமிர்ந்து பார்க்காமல் இருக்க முடியவில்லை அவரால்.

நேசராணி கோப்பையோடு வந்தாள். "ஊத்தியாச்சே. குடிக்காமப் போயிட்டாரு."

"இங்க குடு. கணக்கு பாக்கி நிக்கக்கூடாது" என்றார் அந்தோனிமுத்து. கடை வாசலில் போய், வீதி முழுக்கப் பார்க்க, நின்றபடியே அதைக் குடித்து முடித்தார்.